சிலிண்டரின் குப்பாயம்

கேரள எல்லையோரம் காரோடு என்ற ஊரில் என் அக்காவின் வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கி வைத்திருக்கும் சாய்ப்புக்குள் எப்போதும் ஓர் அடைகோழி உட்கார்ந்திருக்கும். அதே கோழி என்று சொல்ல முடியாது. இந்த நான்கு வருடங்களில் கோழிகள் மாறியிருக்கின்றன. அதற்கு அடியில் கிடக்கும் சாக்கு மட்டும் மாறவில்லை. ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, தலையணையைவிட ஒடுக்கமாக, உள்ளே தேங்காய் நாரான தென்னந்தும்பு திணித்து, ஓரம் முழுக்கச் சிவப்பு நூலால் நெருக்கித் தைத்த சாக்கு. எண்ணெய் ஊறிக் கறுத்துப் போனது. குனிந்து பார்த்தால் கோழி வாடைக்கு மேலே எஞ்சின் வாடை வரும். அந்தச் சாக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டு கையாலும் தூக்கி, அதற்கு அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன். அடியில் மண்தரைதான் இருந்தது. கையில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

அக்காவின் கணவர் எனக்கு அத்தான். செங்கல் என்ற ஊரின் கோவிலுக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில் உண்டு. அங்கே அவர் பாய்லர் பார்த்தார், நான் சூப்பர்வைசர். மில் முதலாளி வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். மூடிப்போன ஓர் ஓட்டுக் கம்பெனியில் துருப்பிடித்துக் கிடந்த நீராவி எஞ்சினை வாங்கிக்கொண்டு வந்து, பழுது பார்த்து, அதைக்கொண்டு இரண்டு மரச்செக்குகளை ஓட்டினார். கரண்டில் ஆட்டினால் ஆர் காணான் வரும், யார் பார்க்க வருவார்கள், என்பார். அது உண்மைதான். கோவிலுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, எஞ்சின் மூச்சு விடுவதைப் படம் பிடித்து, போகும்போது எண்ணெயும் வாங்கிப் போனார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக எஞ்சின் கொட்டகைக்குச் சாலைப்பக்கம் சுவரே வைக்கவில்லை. சுவர் இல்லாத அந்தப் பக்கத்தையும் நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பா ரப்பர் வெட்டப் போவார். நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் யாரோ காட்டிய இடத்தில் பெருவிரலை ஒற்றிவிட்டு, அது என்ன காகிதம் என்று தெரியாமலேயே வெளியே வருவார். வாசலில் அவருக்காகக் காத்து நின்ற நாட்களில், நான் படித்தால் யாரிடமும் ஏமாறக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வந்தபோது படிப்பு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டிருந்தது. எதையும் அப்படியே நம்பாதவன் படித்தவன். மில்லில் சேர்ந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, யார் எப்போது வந்தார், யார் எதைத் தொட்டார் என்றெல்லாம் எழுதத் தொடங்கினேன். அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தது அத்தான். "எனக்க மச்சினன் ஒருத்தன் உண்டு சார், நல்லா படிச்சவனாக்கும்" என்று அவர் முதலாளியிடம் சொல்லியிருந்தார். அந்த விஷயம் நோட்டில் இல்லை.

அத்தானைப் பற்றி ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. மில்லுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு கசுவண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் தொழிற்சாலையில், பாய்லரில் இருந்தார். அங்கே பின்வாசல் வழியாக விறகு போகிறது என்று யாரோ சொல்ல, அவரை நிறுத்திவிட்டார்கள். யார் கண்டது என்று கேட்டால் யாரும் கண்டிருக்கவில்லை. அத்தானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததையே நான் ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். செய்யாதவன் என்றால் சத்தம் போட்டிருப்பானே என்று.

அவர் வேலை செய்கிற விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. காலையில் பாய்லரில் அழுத்தம் ஏறிய பிறகும் எஞ்சினை உடனே ஓட விடமாட்டார். சிலிண்டருக்கு அடியில் இருக்கும் இரண்டு சின்ன வடிகால் வால்வுகளையும் திறந்து வைத்துவிட்டு, ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார். முதலில் வெந்நீர் சொட்டும், பிறகு துப்பும், பிறகு தண்ணீரும் ஆவியுமாகச் சீறும். புறங்கையை எட்ட நீட்டி, அதில் ஈரம் படாத வெறும் ஆவி வரும்வரை குத்தவைத்து இருப்பார். அப்புறம்தான் வால்வுகளை மூடி, பெரிய சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்திருப்பார். எனக்கு அந்தக் கால் மணி நேரம் வீணாகத் தெரிந்தது. ஒரு நாள் கேட்டேன். "எலே மக்கா, மொதல்ல அதுக்க ஒடம்பு சூடாவட்டு. குளிருத வயித்துல ஆவிய விட்டா எல்லாம் வெள்ளமாட்டுப் போவும்" என்றார். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். நான் சிரித்துவிட்டு, 'ஓட்டுவதில் தினமும் தாமதம்' என்று நோட்டில் எழுதினேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நெருப்பை அணைத்து இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். முதலாளி பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்; பூஜைக்கு நிற்கமாட்டார். ஆனால் பொரியும் பழமும் வாங்கித் தந்துவிட்டு, "எஞ்சின் நல்லா மின்னணும், கேட்டியா?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பாய்லர் குளிர்ந்து கிடந்ததால் அத்தானுக்கு வேலை இல்லை, அவர் வரவில்லை. நானும் கொப்பரை வெட்டுகிற பெண்களும் சேர்ந்து எல்லாவற்றையும் கழுவினோம். சிலிண்டரைச் சுற்றி ஒரு தகர உறை உண்டு. அதன் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிக் கிடந்தன. ஒழுங்காகச் சுத்தம் செய்வது என்றால் உறையைக் கழற்றியே செய்ய வேண்டும் என்று திருகுகளைக் கழற்றினேன். உள்ளே, தகரத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கறுத்த சாக்கு மூட்டைகள் மூன்று திணித்திருந்தன. இரண்டை எலி கிழித்துத் தும்பு வெளியே தொங்கியது. நாற்றம் வேறு. பழுது பார்த்தவர்கள் கை துடைத்த கந்தலை உள்ளேயே அடைத்து மூடிவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்கள்தான் என்றும் நினைத்தேன். மூன்றையும் இழுத்து விறகுக் குவியலில் எறிந்தேன். சிலிண்டரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தகரத்துக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் திரும்பத் திருகி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவ்வளவு அழகாக அந்த எஞ்சின் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. பெண்களில் மூத்தவரை எல்லோரும் கொப்பரைச் சேச்சி என்போம். "கல்யாண மாப்பிள போல ஆச்சு சாரே" என்று அவர் குரவை போட்டார்.

பூஜைக்கு முன்னால் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒன்பது கூடை விறகும் தேங்காய்ச் சிரட்டையும் போதும். பூஜை கழிந்து இரண்டாம் வாரமே அது பதினொன்று ஆகியிருந்தது. ஐப்பசி மழை தொடங்கியபோது பன்னிரண்டு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எடோ, இந்த எஞ்சின் விறகு தின்னுதா, இல்ல ஆரெங்கிலும் கொண்டு போவுதா? நீ படிச்சவனல்லே, கண்டுபிடி" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

பாடப் புத்தகத்தை எடுத்து வந்து கணக்குப் போட்டேன். சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் நகரும் தூரம், ஒரு நிமிடத்துக்கு எத்தனை தள்ளல். ஒவ்வொரு தள்ளலிலும் சிலிண்டருக்குள் எவ்வளவு ஆவி பிடிக்கும், அத்தனை ஆவிக்கும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கண்டேன். பிறகு பாய்லருக்குத் தண்ணீர் போகும் தொட்டியில் கோல் வைத்து, உண்மையில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். இரண்டும் ஒத்துப் போகவில்லை. பாய்லர் ஆவியாக்கி அனுப்பிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சினுக்குள் போய்ச் சேரவே இல்லை என்றது என் கணக்கு. குழாயில் கசிவு இல்லை. அப்படியானால் வழியில் யாரோ எடுக்கிறார்கள். ஆவியை எப்படி ஒருவர் களவெடுக்க முடியும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடமே பாய்லர் அறைக்குள் போய்ப் பார்த்தேன்.

அங்கே களவு நடந்துகொண்டுதான் இருந்தது. பாய்லரில் இருந்து பிரியும் ஒரு சின்னக் குழாயின் வாயில் துணி கட்டிய பானையை வைத்து அத்தான் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். பெண்களின் பத்து மணிக் காப்பிக்கு. பல மாதமாக நடக்கிற காரியமாம், எனக்குத்தான் தெரியவில்லை. அன்றே நிறுத்தினேன். குழாய்க்கு மூடி போட்டு இறுக்கினேன். கொப்பரைச் சேச்சி இடுப்பில் கை வைத்து நின்றார். "ஒரு துண்டு மரச்சீனி வெந்ததுல எஞ்சினுக்க உயிரா போச்சு சாரே? நாளைக்கி நாங்க விடுத மூச்சையும் அளந்து வையும்." எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் நோட்டில் எழுதினேன்.

மரச்சீனி நின்ற பிறகும் கூடை குறையவில்லை. என் சந்தேகம் விறகுக்கு இறங்கியது. மழை பெய்யும் நாட்களில்தான் செலவு கூடுகிறது என்பதை நோட்டைப் புரட்டிக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழை நாளில் கோவிலுக்குப் போகும் கூட்டம் இருக்காது, பார்க்கிறவர்கள் இருக்கமாட்டார்கள். மழை நாளில் அத்தான் ஸ்கூட்டரில் பெரிய மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போவார். அந்தக் கோட்டுக்கு அடியில் எத்தனை கட்டை பிடிக்கும் என்று மனதுக்குள் அளந்தேன். மழைக்காற்று சாலைப்பக்கத்தில் இருந்து அடித்து, வெள்ளி பூசிய அந்தத் தகரத்தில் ஈரமாக விழுந்துகொண்டிருந்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு காலையில் வடிகால் வால்வுகள் வெகுநேரம் தண்ணீரையே துப்பின. அத்தான் புறங்கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "மக்கா, சிலிண்டருக்குக் குளிருது. ஓடும்போதும் உள்ள வெள்ளம் கெடந்து தட்டுது. அந்தத் தகரத்த ஒண்ணு களத்திப் பாப்பமா?" நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "களத்தினா பெயிண்ட் போவும் அத்தான். முதலாளி கேப்பாரு." அவர் அந்தத் தகர உறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "செரி. நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை நாள் எஞ்சினை நிறுத்தி வைக்க அவருக்கு என்ன அவசியம் வந்தது என்று யோசித்தேன். நோட்டில் இன்றும் அந்த வரி இருக்கிறது: 'எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சரியான காரணம் சொல்லவில்லை.'

மறுநாள் யாரும் வருவதற்கு முன் ரப்பர் விறகுக் குவியலில் ஒவ்வொரு கட்டையின் வெட்டு முகத்திலும் சிவப்பு பெயிண்டால் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் என் மேசைக்கு எதிரே, அன்று எரிக்க வேண்டிய கட்டைகள் எல்லாம் பொட்டு என் பக்கம் பார்க்கும்படி வரிசையாக அடுக்கியிருந்தன. அத்தான் பக்கத்தில் நின்றார். "எண்ணிக்கோ மக்கா. எண்ணின பெறவு தீயில போடுதேன்." குரலில் கோபம் இல்லை. அந்த அமைதியிலும் எனக்குத் தந்திரம்தான் தெரிந்தது. எண்ணினேன். அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுவதும் எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆகவே நான் எண்ணாத நேரத்தில்தான் போகிறது என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மீன்கறி வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் சந்தைக்குப் போயிருந்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய், சாய்ப்புக்குள் நுழைந்து, விறகைக் கட்டை கட்டையாக எடுத்து வெட்டு முகத்தைப் பார்த்தேன். மூலையில் ஒரு கோழி அடை கிடந்தது. அதற்கு அடியில் எதையோ மறைத்திருப்பதுபோல மேடாக இருந்தது. கோழி என் கையைக் கொத்தியது. கோழியையும் முட்டைகளையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்தக் கறுத்த சாக்கைத் தூக்கி, தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்து நிமிர்ந்தபோது அக்கா வாசலில் நின்றாள்.

"எலே, என்னத்தத் தேடுதே?"

"கை கழுவ வந்தேன்."

"வெறகுக்க அடியிலயா வெள்ளம் இருக்கு?"

என் காலடியில் கலைந்து கிடந்த விறகையும், எல்லாக் கட்டையும் வெட்டு முகம் மேலே தெரியத் திரும்பிக் கிடந்ததையும் அவள் பார்த்தாள். சிவப்புப் பொட்டு விஷயம் அத்தான் சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் மெல்ல மாறியது. உள்ளே போனாள். அடுப்பில் எரிந்துகொண்டிருந்த ஒரு கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு வந்து, புகையோடு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதையும் பாரு. இதுலயும் ஒனக்க எழுத்து இருக்காண்ணு நல்லா பாத்துக்கோ. பெறவு கறி ஆறிப் போவும்." அன்று நான் சாப்பிடாமல் வந்தேன். பஸ்ஸில் வரும்போதும், அவள் ஏன் இவ்வளவு கோபப்பட வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அத்தான் வழக்கம்போல வந்து, வழக்கம்போலப் புறங்கையை நீட்டிப் பார்த்து எஞ்சினை ஓட்டினார். மாலையில் தீயை அடக்கி, பாய்லர் அறைச் சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, "சார், நான் நாளை முதல் வரல்ல" என்று மலையாளமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். "போட்டே", போகட்டும், என்றார் முதலாளி. அவ்வளவுதான். கசுவண்டி ஆபீசிலும் இப்படித்தானே என்று மறுநாளே சாலையில் பேச்சு வந்தது. அந்தப் பேச்சு காரோடு வரை போக இரண்டு நாள்கூட ஆகவில்லை.

பாறசாலையில் இருந்து வேறொருவர் பாய்லருக்கு வந்தார். பன்னிரண்டு கூடை. மழை நாளில் பதிமூன்று. நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் ஒரு வாரம் இவரும் எடுக்கிறார் என்றே நினைத்தேன். இவருடைய பையையும் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். "சூப்பர்வைசர் சாரே, இப்பவும் ஆவி களவு போவுதா? அண்ணன் காரோட்டுல இருந்து குழல் வச்சு உறிஞ்சுதாரோ?" என்று கொப்பரைச் சேச்சி உரக்கக் கேட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

புதியவருக்கு அந்தக் கால் மணி நேரம் குத்தவைத்து இருக்கப் பொறுமை இல்லை. ஒரு காலையில் வடிகாலைச் சரியாகத் திறக்காமலேயே ஆவியை விட்டார். சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீருக்குப் போக வழி இல்லை. பிஸ்டன் அதன்மேல் போய் மோதியது. பெரிய சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு சத்தம். சிலிண்டரின் முன்மூடியில் விரிசல். நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நெய்யாற்றின்கரையில் இருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். மூடியைக் கழற்றுவதற்காகத் தகர உறையின் திருகுகளை எடுத்தார். உறை கையோடு வந்தது. வெறும் சிலிண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதின்றெ குப்பாயம் எவிடேடோ?"

எனக்குப் புரியவில்லை. குப்பாயம் என்றால் சட்டை; எஞ்சினுக்கு என்ன குப்பாயம் என்றேன். தகரத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தில் விரலை விட்டுக் காட்டினார். இதில் தும்பு பொதிந்திருந்ததே, எஞ்சினை இங்கே பொருத்தும்போது நானும்தான் கூட இருந்தேன், உன் பழைய பாய்லர்காரன் வீட்டில் தைத்துக் கொண்டுவந்து வைத்தானே, பெண்டாட்டி தைத்ததென்று பெருமையாகக் காட்டினானே என்றார். சூடு வெளியே போகாமல் அதுதான் பிடித்து நிறுத்துகிறது, அதை எடுத்துவிட்டு இவ்வளவு நாள் எப்படி ஓட்டினீர்கள், எஞ்சின் தண்ணீராகத் துப்பியிருக்குமே என்று கேட்டார். பூஜைக்கு நான் விறகுக் குவியலில் எறிந்த அந்த மூன்று சாக்கு மூட்டைகளைத்தான் அவர் கேட்டார்.

அன்று மாலை பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருந்தால், உள்ளே நுழைகிற ஆவியில் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன்பே சுவரில் பட்டுத் தண்ணீராகிவிடும். ஆவி வெளியேறும் வழி திறந்து அழுத்தம் குறையும்போது, அந்தத் தண்ணீர் சுவரின் சூட்டையே உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஆவியாகி, ஒரு வேலையும் செய்யாமல் வெளியே போகும். சுவர் இன்னும் குளிரும். அடுத்து வருகிற ஆவி இன்னும் கொஞ்சம் தண்ணீராகும். பாய்லரில் இருந்து புறப்பட்டு, எஞ்சினின் கணக்கில் வராமல் போகும் இந்த ஆவிக்குப் புத்தகத்தில் ஒரு பெயரே உண்டு: காணாமல் போகும் அளவு. எல்லா எஞ்சினிலும் அது கொஞ்சம் இருக்கும். அது கூடாமல் இருக்கச் சிலிண்டரை வெப்பம் கடத்தாத பொருளால் பொதிந்து வைக்க வேண்டும். இந்த வரியை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். புத்தகத்தில் சிலிண்டர் என்பது சுத்தமான நான்கு கோடு. எலி கடித்த, நாற்றமடிக்கிற, சிவப்பு நூல் தைத்த சாக்கைப் பற்றித்தான் அந்த வரி சொல்கிறது என்று எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதை இன்றுவரை யோசிக்கிறேன்.

மறுநாள் பத்து மணிக் காப்பி நேரத்தில் முதலாளியையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலும் சொன்னேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். குப்பாயத்தை எடுத்து எறிந்தது நான். அதற்குப் பின் குறைந்த ஆவிக்கும் விறகுக்கும் காரணம் நான். அத்தான் ஒரு சிரட்டைகூட எடுக்கவில்லை. கொப்பரைச் சேச்சி கட்டன் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார். முதலாளி அங்கேயே நின்று அத்தானுக்கு போன் செய்தார். அத்தான் அதற்குள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பாய்லருக்குச் சேர்ந்திருந்தார். "வேண்டாம் சார், இங்க நல்லாட்டு இருக்குவு" என்றாராம். என் பேச்சு அந்தக் கொட்டகைக்கு வெளியே எவ்வளவு தூரம் போனது என்று தெரியவில்லை. முதல் பேச்சு போன வேகத்தில் போகவில்லை என்பது மட்டும் தெரியும். இப்போதும் காரோட்டில் சிலர், மில்லில் விறகு விஷயமாக வேலையை விட்டு நின்றவர் என்றுதான் அவரைச் சொல்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். நேராகப் பின்பக்கம்தான் போனேன். சாய்ப்பின் மூலையில் கோழிக்கு அடியில் அந்தச் சாக்கைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அக்கா பின்னால் வந்து நின்றாள். பூஜை கழிந்த மறுநாள் அத்தான் அதை விறகுக் குவியலில் பார்த்து எடுத்து வந்தாராம். கிழியாதது அது ஒன்றுதானாம். "நான் தைச்சது ஏன் திரும்பி வருகுண்ணு கேட்டேன், ஒனக்க தம்பி படிச்சவனல்லா, இதைவிட நல்லதா வேற ஏதோ வச்சிருப்பான், அதான் தூக்கிப் போட்டிருக்கான், புதுப் பெயிண்டும் அடிச்சிருக்கான்ணு சொன்னாரு" என்றாள். நான் அவருடைய மழைக்கோட்டுக்குள் கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்த அத்தனை நாளும், அந்தத் தகரத்துக்கு உள்ளே நான் வைத்திருக்கும் நல்ல பொருளை அவர் நம்பிக்கொண்டிருந்தார். மில்லில் இருந்து அவர் கொண்டுபோன ஒரே சாமான் நான் எறிந்த அந்தச் சாக்கு.

அத்தான் அப்போது உள்ளே இருந்து வந்தார். மன்னிப்புக் கேட்க எழுதி வைத்ததுபோல நாலு வாக்கியம் யோசித்து வந்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாருங்க, இரியுங்க" என்றார். அதற்கு முன் அவர் என்னை அப்படி மரியாதை போட்டுக் கூப்பிட்டதே இல்லை. என் நாலு வாக்கியத்தையும் கடைசிவரை கேட்டார். "ஒரு நாளு சொன்னேன் அல்லியா, களத்திப் பாப்போம்ணு" என்றார். பிறகு, "போட்டு, விடுங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். நான்கு வருடமாகிறது. நன்றாகத்தான் பேசுகிறார். என் கல்யாணப் பேச்சு வந்தபோது பெண் வீட்டுக்கு அவர்தான் முதலில் போய் வந்தார். ஆனால் எலே என்றோ மக்கா என்றோ அவர் வாயில் இருந்து எனக்கு வருவதில்லை. நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மில் எஞ்சினுக்கு இப்போது கண்ணாடிப் பஞ்சு பொதிந்திருக்கிறது. கொட்டகைக்குச் சாலைப்பக்கம் கண்ணாடிச் சுவரும் வந்துவிட்டது. பழையபடி ஒன்பது கூடை. காலையில் வடிகால் வால்வுக்கு எட்டப் புறங்கையை நீட்டுவது இப்போது என் வேலை. மரச்சீனிக் குழாயின் மூடியை நானே கழற்றினேன். ஆனாலும் கொப்பரைச் சேச்சி ஒரு வருடம் எனக்குக் கிழங்கு தரவில்லை. நோட்டு எழுதுவதை நான் விடவில்லை. எதை எழுதினாலும், அன்று நான் எதைத் தொட்டேன் என்பதை முதலில் எழுதுகிறேன்.

போன ஞாயிறும் காரோட்டுக்குப் போயிருந்தேன். அடைகோழி தீனிக்காக இறங்கி முற்றத்துக்குப் போயிருந்தது. சாக்கின் குழிவில் ஏழு முட்டைகள். கோழி போய் நேரமாகிவிட்டதே, முட்டை ஆறிவிடாதா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் மீன் அரிந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஆறாது. நான் தைச்சதாக்கும்."

குனிந்து, முட்டைகளில் படாமல், புறங்கையைச் சாக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். சூடு அப்படியே இருந்தது.